நித்தியகல்யாணிக்குக் கட்டிய காப்பு

சனிக்கிழமை சாயந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கி என் மகள் வீட்டுக்குள் நுழையும்போது, அவளுக்கு முன்னால் ஒரு வாசனை உள்ளே வரும். பட்டையும் ஓமமும் கிராம்பும் ஒன்றாய்க் கலந்து, அதற்கு அடியில், ஊசி போடுவதற்கு முன்னால் கையைத் துடைப்பார்களே, அந்தப் பஞ்சின் வாசனையும் இருக்கும். கோயில் மடைப்பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் அப்போது மதுரைப் பக்கம் ஒரு காலேஜில், விடுதியில் தங்கி மருந்துப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படிப்பு இல்லை. மருந்தைச் செய்கிறவர்களுக்கும் சோதிக்கிறவர்களுக்கும் உள்ள படிப்பு. அதில் ஒரு பாடம், செடிகொடிகளிலிருந்தும் ஜீவராசிகளிலிருந்தும் கிடைக்கிற மருந்துகளைப் பற்றியது. அதன் இங்கிலீஷ் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டு பாடத்தை வாய்விட்டுச் சொல்லுவாள். எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எந்த மாதத்தில் எடுக்க வேண்டும், எந்த நோய்க்கு. வேர், பட்டை, இலை, பூ, பிசின். அது முடிந்தால் ஜீவராசிகள். மீனின் ஈரலிலிருந்து எண்ணெய், தேனடையிலிருந்து மெழுகு, ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கிற பிசுக்கிலிருந்து களிம்பு.

"ஏத்தா, நம்ம ஆட்டுலயும் அதை எடுப்பாகளா?" என்று கட்டிலில் படுத்தபடியே அவள் அப்பா கேட்பார்.

"நம்ம ஆட்டுக்கு எங்கப்பா ரோமம் கெடக்கு? அது குளிர் நாட்டு ஆடு."

"அப்ப நம்ம ஆடு எதுக்கும் ஒதவாதுங்கிற."

"ஒதவும், உங்க குழம்புக்கு."

அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். வெளியே கரிசல் காடு வெயிலில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். அவள் குரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். கேட்டுக்கொண்டே எனக்குக் கண் சொருகும். அந்த அரைத் தூக்கத்தில் நம் காட்டுச் செடிகளெல்லாம் வரிசையாய் எழுந்து வந்து, ஒவ்வொன்றும் தன் பெயரையும் தான் எந்த வலிக்குப் பிறந்தது என்பதையும் சொல்லிவிட்டுப் போவது போல இருக்கும். அம்மன் போட்டு வைத்த உலகத்துக்கு யாரோ பொறுமையாய் உட்கார்ந்து பட்டியல் எழுதியிருக்கிறார்கள், அதைத்தான் என் பிள்ளை படிக்கிறாள் என்று நினைப்பேன். அவள் படிக்கிற இடத்தைக் கும்பிட வேண்டும் போல இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் நித்தியகல்யாணியின் பெயர் வந்தது.

முறத்திலிருந்து கையை எடுத்துவிட்டேன். எங்கள் காட்டில் அதுதான் போட்டிருந்தோம். நரிக்குடி ரோட்டை ஒட்டிய மானாவாரிக் காடு. மழை பெய்தால் வரும், பெய்யாவிட்டாலும் நித்தியகல்யாணி மட்டும் எப்படியோ நிற்கும். கசப்பு என்பதால் ஆடு வாய் வைக்காது. அருப்புக்கோட்டை வியாபாரி லோடு எடுக்க வருவார். எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று நாங்கள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

"இதுல இருந்து என்னத்தா எடுக்காக?"

"ரத்தத்துல வர்ற புத்துநோய்க்கு ஊசி மருந்தும்மா. சின்னப் பிள்ளைகளுக்குக் கூடப் போடுறாக. எத்தனையோ மூட்டை இலையில இருந்து துளியோண்டுதான் கெடைக்கும்."

தினமும் காலையில் ஐந்து பூப் பறித்து அம்மன் படத்துக்கு வைக்கிற செடி அது. சிலர் அதைச் சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குவார்கள், நான் ஒதுக்கினதில்லை. ஆனால் அதே செடியை அறுவடையில் வேரோடு பிடுங்கி, உதறி, சாக்கில் போட்டுக் காலால் மிதித்துத்தான் திணித்தோம். எங்கேயோ ஒரு பிள்ளையின் கையில் ஏறப்போகிற மருந்தை மிதித்தோம். அன்று சாயந்தரம் விளக்கேற்றும்போது, தெரியாமல் செய்தது தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கடைசி வருஷத்தில் அவளுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். நித்தியகல்யாணியையே எடுத்துக்கொண்டாள். சொந்தக் காட்டு இலையையும் கடைகளில் விற்கிற இலைப்பொடியையும் சோதித்துப் பார்த்து, எது சுத்தம், எது கலப்படம் என்று எழுத வேண்டும். படிக்கிறவளே இலையைத் தன் கையால் பறிக்க வேண்டும், வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், நிழலில் காய வைக்க வேண்டும். ஒரு செடியை முழுசாய் அழுத்திக் காய வைத்து அட்டையில் ஒட்டி, எந்த ஊர், எந்த நாள், பறித்தவர் யார் என்று கீழே எழுத வேண்டும். இத்தனையும் சட்டம்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு வேறொரு பரீட்சை வந்தது.

"நீயே பறிச்சு வையும்மா. நான் பறிச்சதா எழுதிக்கிறேன். நீ வேற நான் வேறயா?" என்று போனில் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையில் நான் கரைந்துபோனேன்.

எங்கள் பக்கம் மருந்துக்கென்று ஒரு செடியைத் தொட்டால் முதலில் அதற்குக் காப்பு கட்ட வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்து, மஞ்சள் நனைத்த நூலைத் தண்டில் கட்டி, சூடம் காட்டி, உன் உயிரை எடுக்கிறேன், பொறுத்துக்கொள், உன் குணம் போகாமல் வா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் பறித்த இலை வெறும் தழை, மருந்தாகாது. வியாபாரிக்குப் பிடுங்கும்போது யாரும் இதையெல்லாம் செய்வதில்லை. லோடுக்கு யார் சூடம் காட்டுவார்கள்? ஆனால் இது என் மகளின் படிப்புக்குப் போகிற இலை. இதையாவது முறையாகச் செய்வோம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயந்தரமே நல்ல செடியாய்ப் பார்த்து, குடத்தில் தண்ணீர் சுமந்துபோய் இலை இலையாய்க் கழுவிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடியும்போது தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன். கண்மாய்க் கரையில் மயில் அகவிக்கொண்டிருந்தது. பனி லேசாய் இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் காடு முழுக்க ரோஸ் நிறப் பூ தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதப்பது போல இருந்தது. மஞ்சளைக் கெட்டியாகத்தான் கரைத்துக்கொண்டு போயிருந்தேன். செடிக்கு மூன்று கை. கஞ்சம் பண்ணவில்லை. இலையெல்லாம் மஞ்சளில் குளித்து நின்றது.

பக்கத்துக் காட்டில் ஆடு பத்திக்கொண்டு வந்த மதினி நின்று பார்த்தாள்.

"ஏ மதினி, என்ன, செடிக்கு வளைகாப்பா? எத்தனையாவது மாசம்?"

"மக படிப்புக்குப் போகுது மதினி. கேலி பண்ணாத."

"நான் எதுக்குக் கேலி பண்றேன்? ஆம்பளப் பிள்ளையாப் பெறச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

பறித்த இலைகளைச் சாமி படத்துக்குக் கீழே வெள்ளை வேட்டியில் பரப்பி வைத்தேன். பத்து நாள் வீடே ஒரு மாதிரி ஊமைக் கசப்பாய் மணத்தது. அந்தப் பத்து நாளும் வீட்டுக்குள் யாரோ விருந்தாளி படுத்திருப்பது போல மெதுவாக நடந்தேன்.

மகள் வந்து பையில் அள்ளும்போது, "கழுவுனியாம்மா?" என்றாள்.

"கழுவிட்டேன்."

பொய் இல்லை. கழுவினேன். அதற்குப் பிறகு செய்ததை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குளிக்காமல் சாமி கும்பிட்டாயா என்று யாராவது கேட்டால்தானே குளித்தேன் என்று சொல்லுவோம்? அது அப்படித்தான், சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. இலை கொஞ்சம் மஞ்சளடித்திருக்கிறதே என்றாள். காய்ந்தால் அப்படித்தான் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"என்னத்தா? ஒடம்பு சரியில்லையா?"

"அம்மா, நம்ம இலையைத்தான் மேடம் கலப்படம்ங்கிறாக. கடைப்பொடியெல்லாம் கூடச் சுத்தமா இருக்காம். நான் எங்கயோ கண்ட பொடியை வாங்கிட்டு வந்து, சொந்தக் காட்டுல பறிச்சேன்னு பொய் எழுதியிருக்கேனாம். திங்கக்கிழமைக்குள்ள எங்க வாங்குனேன்னு சொல்லலேன்னா புராஜெக்ட் கேன்சல். இந்த வருசமே போயிரும்மா. எல்லாரும் என்னைக் கள்ளி மாதிரி பாக்குறாக."

"அதுல என்ன கலந்திருக்காம்?"

"மஞ்சள்."

நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அம்மன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் பூசிய முகம் என்னையே பார்த்தது. நல்லதென்று உன் பெயரைச் சொல்லித் தெளித்ததுதானே தாயே, என் பிள்ளை தலையில் விடிந்திருக்கிறதே என்று அழுதேன். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இதுல அழுகிறதுக்கு என்ன இருக்கு? போயி உள்ளதைச் சொல்லு."

"படிச்சவுக சிரிப்பாக. செடிக்குச் சூடம் காட்டுனவ மகளுன்னு அவளைக் கேலி பண்ணுவாக."

"கள்ளின்னு சொல்றதுக்கு இது எம்புட்டோ தேவல, புள்ள."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். அருப்புக்கோட்டையில் மாறி மதுரை பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் வெள்ளை வேட்டியில் பரப்பின இலைகள் தெரிந்தன. ஒவ்வொன்றாய்ப் புரண்டு படுத்து, நாங்கள் உன்னிடம் மஞ்சள் கேட்டோமா என்றன. தூக்கமா விழிப்பா தெரியவில்லை. கண்டக்டர், "எக்கா, எறங்கலையா? திரும்ப அருப்புக்கோட்டைக்கே கொண்டுபோயி விட்ரவா?" என்றபோதுதான் மதுரை வந்திருந்தது தெரிந்தது.

காலேஜுக்கு இன்னொரு பஸ். அந்தச் சோதனைச் சாலையில் நுழைந்ததும் மகள் சனிக்கிழமைகளில் கொண்டு வருகிற வாசனை முழுசாக வந்து முகத்தில் மோதியது. கண்ணாடிப் பாட்டில்களில் வேரும் பட்டையும் விதையும் அடுக்கடுக்காய் இருந்தன. இன்னொரு பக்கம் தேன்மெழுகு, சிப்பி, எண்ணெயில் மிதக்கிற ஏதோ ஒன்று. என்னை அறியாமல் செருப்பை வாசலில் விட்டிருந்தேன்.

மேடம் என் வயசுதான் இருப்பார். கண்ணாடி போட்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்து மேஜையில் நின்ற மகளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"உக்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் சுமந்தது, குளித்தது, மஞ்சள் கரைத்தது, மூன்று கை தெளித்தது, சூடம், நூல். சொல்லும்போதே பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மேடம் சிரிக்கவில்லை.

அவர் என் மகளின் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்தார். ஒரு குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். பச்சையும் பழுப்புமாய் இருந்த பொடிக்கு நடுவில் அங்கங்கே ரத்தம் போலச் சிவப்புப் பூத்தது.

"மஞ்சள் இருந்தா இப்படித்தான் சிவக்கும்மா. இதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

எனக்குப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அது என்ன தண்ணிங்க, சுண்ணாம்பா?"

"கிட்டத்தட்ட அதே குணம்தான். எப்படிக் கேட்டீங்க?"

"ஆரத்தி கரைக்கிறது இதுதானே? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பைப் போட்டா செவக்கும்ல. பொண்ணு மாப்பிள்ளைக்கு நாங்க கரைக்கிறதுதானே?"

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "நானும் கரைச்சிருக்கேன்மா. இத்தனை வருஷமா இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கிறேன். ரெண்டையும் சேர்த்து நினைச்சதே இல்ல."

என்னை முக்காலியில் உட்கார வைத்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு, வெளிச்சத்துக்குள்ளே விழுந்தது போல, எங்கள் இலை தெரிந்தது. மழை பெய்த வருஷத்தில் மேட்டில் நின்று கண்மாய்ப் பாசன வயலைப் பார்த்தால் வரப்பும் வயலுமாய்த் தெரியுமே, அப்படிக் கட்டம் கட்டமாய், பச்சை நீர் தேங்கின மாதிரி. நடுநடுவே சின்னச் சின்ன வாய்கள், மந்திரம் சொல்லுகிறது போல லேசாய்த் திறந்தபடி. அவற்றின் மேல் அங்கங்கே பொன் துணுக்குகள் கிடந்தன.

"அந்த மஞ்சக் கட்டிதான் நீங்க தெளிச்சது."

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. நான் கேட்ட மன்னிப்பு இங்கே வரைக்கும் இலையோடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணை எடுக்க மனசே இல்லை.

"அப்ப இலையைப் பறிச்சது நீங்க" என்றார் மேடம்.

நல்லது சொல்கிறோம் என்ற நினைப்பில், "ஆமாங்க, நான்தான், ஒத்த ஆளா நின்னு பறிச்சேன்" என்றேன். சொன்ன பிறகுதான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மேஜையில் அவள் ஒட்டின அட்டை இருந்தது. அதன் கீழே, பறித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் அழகான கையெழுத்தில் இருந்தது.

மேடம் அந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். கோபமாகப் பேசவில்லை; அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. "நீ கலப்படம் பண்ணல. அதை நான் தப்பா நினைச்சுட்டேன். ஆனா இந்த ஒரு வரி பொய். நீ பறிச்சிருந்தா மஞ்சள் இருக்கிறது உனக்குத் தெரிஞ்சிருக்கும். மருந்துல இலை எங்கிருந்து வருது, யார் கை பட்டு வருதுன்னு தெரியாம எழுதுறது, அதான் முதல் கலப்படம். ஒரு மாசம் தர்றேன். முதல்ல இருந்து செய்."

வெளியே வந்ததும் மகள் வேகமாக முன்னால் நடந்தாள்.

"நீ மஞ்சளைச் சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்ல. ஒத்த ஆளா நின்னு பறிச்சாளாம், பெரிய இவ!"

"எனக்குத் தெரியாதேத்தா."

"ஒனக்கு எதுதான் தெரியும்?"

அந்தச் சொல் குத்தியது. பஸ் ஸ்டாப்பில் வேப்பமர நிழலில் போய் நின்றேன். அவளும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். பஸ் வந்தது. நான் படியில் கால் வைக்கும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சனிக்கிழமை வாரேன். காட்டுல ஒரு செடியையும் தொட்டுராத."

"தொடல."

"மஞ்சளைத் தொடாத."

"அதை எப்படித் தொடாம இருக்கிறது? மொகத்துக்குப் பூசணும்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இரண்டு பேரும் காட்டுக்குப் போனோம். அன்றும் பனி இருந்தது. அவள் குடத்தில் வெறும் தண்ணீர் கொண்டுவந்து இலைகளைத் தானே கழுவினாள். என் கை விரலிடுக்கில் எப்போதும் மஞ்சள் ஏறியிருக்கும் என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வேண்டுதலுக்கு நிற்கிறவள் போலத்தான் இருந்திருப்பேன். போன தடவை நான் நூல் கட்டின செடி ஒன்று பறிக்காமல் நின்றிருந்தது. நூல் வெளுத்துப்போயிருந்தது. அதில் மட்டும் மற்றவற்றைவிட அதிகப் பூ.

அவள் ஒரு செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இலையில் விரலை வைத்தாள். பறிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தா?"

"நீ என்னமோ சொல்லுவியே. அதைச் சொல்லு. சொன்ன சொல்லு மைக்ராஸ்கோப்புல தெரியாது."

"நீ பறிக்கிற இலைக்கு நீதான் கேக்கணும்."

எங்கேயோ ஒரு பஸ் நரிக்குடி ரோட்டில் போகிற சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு அவள் உதடு அசைந்தது. என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்த சின்ன வாய்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. முதல் இலை ஒரு மெல்லிய சத்தத்தோடு காம்பை விட்டு வந்தது. காம்பில் ஒரு துளி நீர் நின்றது.

புது அட்டையை மேடம் வாங்கிக்கொண்டார். புதுப் பொடியைச் சோதித்துப் பார்த்தார்கள், சொட்டு விட்டும் சிவக்கவில்லை. அட்டை காலேஜிலேயே இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். ஊர், நாள், எல்லாம் இருந்தது. பறித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, அப்படி ஒரு இடமே அச்சடிக்காத வெறும் தாளில், சின்ன எழுத்தில் 'உடன் நின்றவர்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தாள்.